பெட்டகத்தின் மேல் ஒரு தேவாலயச் சாளரம்

பிரான்சிய மொழியிலே வீட்டுத் தளபாடத்தை 'மெபிள்' என்பர். அசையக்கூடியது என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். மத்திய காலத்துப் பிரபுக்கள் ஒரு கோட்டையை விட்டு மறு கோட்டைக்குப் பரிவாரத்தோடு அடிக்கடி பெயர்வது வழக்கம். உடைகள், சாசனங்கள், வெள்ளிக் கலங்கள் யாவும் ஓக் மரப் பெட்டகங்களில் உடன் சென்றன. மூடியை அடைத்துவிட்டால் பெட்டகமே ஆசனம். வேண்டியபோது அதுவே மேசை.

1268 ஆம் ஆண்டளவில் எத்தியேன் புவாலோ என்னும் அதிகாரி பாரிசு நகரத் தொழில்களின் விதிகளைத் தொகுத்தார். அந்நூலிலே பெட்டகஞ் செய்வோரும் தச்சர் குலத்தோடு சேர்த்தெண்ணப்பட்டுள்ளனர். 'உஷியே' என்பது அவர்தம் பெயர்.

அவர்கள் ஓக் மரத்தைப் பெரும்பாலும் பச்சையாகவே ஆப்பறைந்து, நடுவிலிருந்து கதிர்கள் விரிவதுபோலப் பிளந்தனர். இங்ஙனம் பிளந்த பலகை எளிதில் நெளியாது. அதன் முகத்திலே வெள்ளி போன்ற கீற்றுக்கள் மின்னும். ஓக்கில் துவர்ப்புச் சத்து மிகுதி. ஆகையால் இரும்பாணியைச் சுற்றி ஈரம் பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்ந்தால் மையாவதும் இவ்வாறுதான்!

இனிச் செதுக்கு வேலையைக் காண்போம். பாரிசிலே 1248 இல் அபிஷேகம் பெற்ற சேன்த் ஷப்பெல் ஆலயத்தின் சாளரங்களை நோக்குவோர், கூரிய வளைவுகளும் மலரிதழ் போன்ற வட்டங்களும் கல்லிலே பின்னியிருக்கக் காண்பர். அப்பின்னலைத் தச்சர் கவராயத்தால் பலகையில் வரைந்து, உளியால் அகழ்ந்தனர். 15 ஆம் நூற்றாண்டிலே அவ்வளைவுகள் தீச்சுடர்போல் நெளியத் தொடங்கின. மடித்த துணிபோற் செதுக்கிய பலகைகளும் அந்நூற்றாண்டிலே பரவின. உருவங்களைச் செதுக்கியோரும் உளர். பாரிசின் குளுனி நூதனசாலையிலே ஏறத்தாழ 1300 ஆம் ஆண்டுக்குரிய பெட்டகமொன்றின் முகப்பில், வளைவுகளின் கீழே ஆயுதந் தாங்கிய வீரர் அணிவகுத்து நிற்கின்றனர்.

அந்நூதனசாலை 1844 இல் திறக்கப்பட்டது. நோத்ர்தாம் பேராலயத்தைப் புதுப்பிக்கும் பணியும் அவ்வாண்டிலேதான் வியோலே-லெ-தியூக், லஸ்யூ என்னும் இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோதிக் மோகம் எங்கும் பரவியது. பழம்பெட்டகம் தேடிய செல்வர் பலர். கிடைத்த பெட்டகங்களோ சில. கைதேர்ந்த தச்சர்கள் இக்குறையைத் தீர்க்க முன்வந்தனர். பழைய முகப்பொன்றுக்குப் புதிய பக்கங்கள் சேர்க்கப்பட்டன. அலங்காரமின்றிக் கிடந்த பழைய பெட்டகங்களில் புதிதாகக் கோதிக் வளைவுகள் வெட்டப்பட்டன. இன்று விற்பனைக்கு வரும் பெட்டகங்களிலும் இத்தகையன உள.

மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அதன் காலத்தை அறியும் முறை இப்பொழுது உண்டு. எனினும் மரம் பழையதாயிருக்க, வேலைப்பாடு புதியதாயின் அம்முறை அதனைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே பெட்டகத்தின் முகத்தைப் பார்த்து மயங்குவதிலும், மூடியைத் திறந்து உட்புறத்தையும் பின்பலகையையும் பார்ப்பதே மேல் என்பது நம் கருத்து. வட்டவாள் அறுத்த வளைந்த கீறல்கள் அங்கே தென்பட்டால், அப்பலகை மத்திய காலத்துக்குரியதன்று.

எல்லாவற்றிலும் நம்பத்தக்க சாட்சி மரப்புழுவே. அது மரத்தினுள்ளே நீளத் துளைத்துச் சென்று, வெளியேறுமிடத்தில் வட்டமான சிறு துவாரத்தை மட்டும் விட்டுச்செல்லும். செதுக்கிய பரப்பிலே அத்துவாரங்களுக்குப் பதிலாகப் புழு சென்ற வழியே நீளவாட்டில் பிளந்து வாய்க்கால்போற் கிடக்குமாயின், புழு அரித்த பின்னரே உளி அங்கே சென்றுள்ளது.