பல்லையும் கவனியுங்கள்

கடைச் சாமான்களைத் தினமும் தூசி தட்டும் வியாபாரிகள், பல் வைத்தியரை நாடுவது வலி வந்த பின்னரே. தேநீர், வெற்றிலை, புகைத்தலால் படிந்த கறை பல் துலக்குவதால் மட்டும் போகாது. வைத்தியர் முதலில் முரசோரம் இறுகிய காரையை அகற்றி, பின்னர் சுழலும் இறப்பர் கிண்ணத்தில் பசையிட்டு மினுக்குவார். கறை நீங்கும், பல் வழுவழுப்பாகும். ஆனால் மினுக்கல் மட்டும் முரசு நோயைத் தடுக்காது.

அதைவிட முக்கியம், அப்போது வாய் முழுவதும் பரிசோதிக்கப்படுவதே. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவதும் வாய்ப் புற்றுநோயே. ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள். அரைநாள் வியாபாரம் போகலாம், முதல் தப்பும்.