13 அத்தியாயம், 15 ரூபா

'டொக்டர் ஸ்னக்கிள்ஸ்' என்ற கார்ட்டூன் தொடருக்கு மொத்தம் 13 அத்தியாயங்கள்தான். 1979இல் பிரித்தானியரும் டச்சுக்காரரும் கூட்டாக எடுத்தது. பாத்திரத்தைப் படைத்தவர் ஜெப்ரி ஓ'கெலி. ஆங்கிலத்தில் கதை சொன்னவர் பீட்டர் உஸ்தினோவ், இரண்டு ஒஸ்கார் வாங்கிய நடிகர். 7ஆம், 12ஆம் அத்தியாயங்களை ஜோன் லொயிட்டுடன் சேர்ந்து எழுதியவர் டக்ளஸ் அடம்ஸ். அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோன 'த ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கெலக்ஸி' நாவலும் அதே 1979இல்தான் வந்தது. இத்தனை பெரிய பெயர்கள் இருந்தும், அந்தக் காலத்து நல்ல கார்ட்டூன்கள் என்று மேற்கில் யாராவது பட்டியல் போட்டால் இந்தத் தொடருக்கு முன்வரிசை கிடைப்பதில்லை.

இலங்கையில் நிலைமை வேறு. நாற்பதைத் தாண்டிய சிங்களவர் ஒருவரிடம் 'தொஸ்தர ஹொந்த ஹித' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். நல்ல மனசுக்கார டொக்டர் என்ற பெயரில் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி ஒளிபரப்பிய அதே 13 அத்தியாயங்கள் அவை. அவற்றைச் சிங்களத்தில் பேசவைத்தவர் டைட்டஸ் தொட்டவத்த. பக்ஸ் பன்னியை 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கியவரும் அவரே. கண்டியில் அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நிறையப் பேர். மஹியாவையிலும் கட்டுகலையிலும் தெருவில் விளையாடிய பிள்ளைக்கு இரண்டு மொழியும் ஓடும், அதனால் சிரிப்பதற்குத் தடை இருக்கவில்லை. தெல்தோட்டைக்கும் கலஹாவுக்கும் மேலே, தோட்டப்பக்கம் போனால் கதை மாறிவிடும். அங்கே லயத்துப் பிள்ளை படத்தைப் பார்த்துச் சிரித்தது, வசனத்துக்கு அண்ணன்மார் முகத்தைப் பார்த்தது.

இந்தக் கார்ட்டூனைச் சிங்களத்தில் பேசவைத்த வேலைக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் வாதம். அதைக் கணக்குப் போட்டே சொல்லலாம்.

முதலில் படம். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டகம். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு சட்டகத்துக்குப் பிடித்தால் விநாடிக்கு 12 ஓவியம் வேண்டும். ஓர் அத்தியாயம் 22 நிமிடம் என்று வைத்தால் 1,320 விநாடி, அதாவது 15,840 ஓவியம். 13 அத்தியாயத்துக்கு 2,05,920. தொலைக்காட்சிக்கு யாரும் அப்படி வரைந்து கொடுப்பதில்லை. உடம்பை அசைக்காமல் வாயை மட்டும் அசைப்பார்கள், நடக்கும் கால்களைத் திரும்பத் திரும்பப் பாவிப்பார்கள், பின்னணியை மட்டும் நகர்த்துவார்கள். பாதியாகக் குறைத்தாலும் ஒரு இலட்சத்துக்கு மேல் ஓவியம் தேவைப்படும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எம்.ஜி.எம். நிறுவனத்தில் 'டொம் அண்ட் ஜெரி' எடுத்த ஹன்னாவும் பார்பெராவும் ஏழு நிமிடப் படம் ஒன்றுக்குப் பல பத்தாயிரம் டொலர் செலவழித்தவர்கள். 1957இல் எம்.ஜி.எம். அந்தக் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. அதே ஆண்டு இருவரும் சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்குச் செய்த 'ரஃப் அண்ட் ரெடி'யில் ஓர் அத்தியாயத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3,000 டொலர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜப்பானில் ஒசாமு தெசுகா 1963 ஜனவரி 1ஆம் திகதி தொடங்கிய 'அஸ்ட்ரோ போய்' 193 அத்தியாயம் ஓடியது. அதில் ஒரு வாரத்து அத்தியாயத்துக்கு வரைந்தது இரண்டாயிரம் ஓவியத்தை ஒட்டித்தான் என்று சொல்வார்கள். முழுசாக வரைந்திருந்தால் பதினெட்டாயிரம் வேண்டும்.

ஓவியம் எட்டு, ஒன்பது மடங்கு குறையும்போது அந்த இடத்தை நிரப்புவது குரல். பூனை துரத்தி எலி ஓடினால் பேச்சே தேவையில்லை. தொலைக்காட்சிக் கார்ட்டூனில் ஓட்டம் குறைவு, அதனால் பேச்சு கூடும். நின்ற இடத்தில் நின்று வாயை மட்டும் அசைக்கும் ஒரு பாத்திரத்துக்கு உயிர் கொடுப்பது அந்த வாயிலிருந்து வரும் சத்தம்தான். ஆகவே தொலைக்காட்சிக் கார்ட்டூனை வேறு மொழியில் பேசவைப்பவர் கதையின் பாதியையாவது புதிதாகச் செய்கிறார். அவருக்கு நாம் கொடுப்பது 'டப்பிங்தானே' என்ற ஒற்றைச் சொல். அநியாயம்.

கண்டிக்காரருக்குக் குரலின் பெருமை வேறொரு வழியிலும் தெரிந்திருக்க வேண்டும். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலையில் நிற்கிறது. கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், நேர்கோட்டில் அங்கிருந்து சுமார் 35 கிலோமீற்றர். தூரம் பெரிதல்ல, இடையில் நிற்கும் மலைகள்தான் பிரச்சினை. குன்றின் நிழலில் விழுந்த வீடுகளில் மூங்கில் கம்பத்தில் அன்ரனாவைக் கட்டி, ஒருவர் கூரையில் நின்று திருப்ப, ஒருவர் உள்ளேயிருந்து "கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கத்துவார். அப்படியும் உருவம் இரட்டையாகத் தெரியும், புள்ளி மழை பெய்யும். குரல் மட்டும் அநேகமாகத் தெளிவாக வரும். பழைய அனலொக் ஒளிபரப்பு முறையில் படம் அலையின் வீச்சிலும் ஒலி அலையின் அதிர்வெண்ணிலும் ஏற்றி அனுப்பப்பட்டது. வலுவற்ற அலையில் முதலில் கெடுவது படம், கடைசிவரை தாக்குப்பிடிப்பது ஒலி. மலைநாட்டு வீடுகளில் டொக்டரைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம் என்றால் அது மிகையல்ல.

மின்சாரம் எட்டாத லயங்களிலும் கிராமங்களிலும் எண்பதுகளில் கார் பற்றரியில் தொலைக்காட்சி ஓடியது. 12 வோல்ட், 60 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் 720 வாட்-மணி இருக்கும். சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி 18 வாட் இழுக்கும் என்று வைத்தால் கணக்குப்படி 40 மணி நேரம். பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆகவே 20 மணி நேரம். தொடர் முழுவதும் அரை மணி நேரம் வீதம் ஆறரை மணி. ஒரு சார்ஜில் மூன்று முறை பார்த்துவிடலாம்! பற்றரியைத் தோளில் சுமந்து டவுனுக்குச் சார்ஜ் பண்ணக் கொண்டுபோன அப்பாமார் அதைச் செய்திக்காகவும் கிரிக்கெட்டுக்காகவும் சுமந்தார்கள், கார்ட்டூனுக்காக அல்ல என்பது வேறு விடயம்.

இனி அந்தச் சிங்களக் குரலுக்குப் பின்னால் இருந்த மனிதர். தொட்டவத்த 1929இல் பிறந்து 2011இல் மறைந்தவர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956) படத்தின் தொகுப்பாளர். 1979இல் 'ஹந்தயா' என்ற சிறுவர் படத்தை இயக்கினார். திரைப்படத் தொகுப்பாளன் என்றால் நேரத்தைச் சட்டகத்தால் அளக்கிறவன். கார்ட்டூனுக்குக் குரல் சேர்ப்பதும் அதே வேலைதான். ஒரு பாத்திரம் ஒரு விநாடி, 24 சட்டகம், வாயைத் திறந்து மூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இயல்பான பேச்சில் அதற்குள் ஐந்தாறு அசை அடங்கும். தமிழில் "வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்?" என்று எழுதிக் கொடுத்தால் 11 அசை. வாய் மூடிய பிறகும் பேச்சு தொங்கும். "என்ன, சுகமா?" என்றால் 5 அசை, கச்சிதமாக உட்காரும், யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் மட்டக்களப்பிலும் யாரும் சொல்கிற பேச்சாகவும் இருக்கும். இப்படி ஒவ்வொரு வரிக்கும் பார்க்க வேண்டும். தொட்டவத்தவின் சிங்களம் நிமிர்ந்து நின்றது இங்கேதான். வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், சிங்களப் பேச்சின் கேலியையும் சந்தத்தையும் அந்த வாய்களுக்குள் வைத்தார்.

தமிழில் இதைச் செய்ய ஆளில்லாமல் போகவில்லை. இலங்கை வானொலியின் தமிழ் நகைச்சுவை நாடகங்கள் குரலை மட்டுமே வைத்து நாடு முழுவதையும் சிரிக்கவைத்தவை. எஸ். ராமதாஸின் வானொலி நாடகம் அவ்வளவு பிரபலமாகி 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவே வந்தது. வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதும் அதில் நடித்தார். யாழ்ப்பாணப் பேச்சு, மலையகப் பேச்சு, முஸ்லிம் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ் என்று வேறுபடுத்திக் காட்டத் தெரிந்த குரல்கள் 1982இல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அப்படியிருந்தும், 'தொஸ்தர ஹொந்த ஹித' அளவுக்குப் பெயர் சொல்லும் கார்ட்டூன் ஒன்று இலங்கைத் தமிழில் எழவில்லை. 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டி.வி. தொடங்கிய பிறகு கேபிளும் டிஷ்ஷும் உள்ள கண்டி வீடுகளில் பிள்ளைகள் 'டோராவின் பயணங்கள்' பார்த்துச் சென்னைத் தமிழ் பேசினார்கள். அதில் குற்றம் காண நான் வரவில்லை. நம் பேச்சில் ஒன்று இருந்திருக்கலாம் என்பதுதான் ஆதங்கம்.

அப்படியொரு தொடரை இலங்கைத் தமிழில் பேசவைக்க என்ன செலவாகும்? கீழே வரும் தொகைகள் நான் போட்ட உத்தேசம். தொழிலில் இருப்பவர்கள் தங்கள் தொகையைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஓர் அத்தியாயத்தின் 22 நிமிடத்தில் பாதி பேச்சு என்றால் 11 நிமிடம். நிமிடத்துக்கு 90 சொல் வீதம் 990 சொல். 13 அத்தியாயத்துக்கு 12,870 சொல், இந்தக் கட்டுரையைப் போலப் பதின்மூன்று, பதினான்கு எழுதினால் முடிந்தது. எழுத்துக்கு 10,000 ரூபா, ஆறு குரலுக்கு ஆளுக்கு 5,000 வீதம் 30,000, இயக்குநருக்கு 20,000, ஒலிப்பதிவுக்கூடம் எட்டு மணி நேரம் 3,000 வீதம் 24,000, இசையும் ஒலிக்கலவையும் 16,000. கூட்டினால் ஒரு இலட்சம். தொடர் முழுவதற்கும் 13 இலட்சம் ரூபா. உரிமைக் கட்டணம் தனி.

பார்க்க எத்தனை பேர்? 2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் சுமார் 13.75 இலட்சம் பேர். நூற்றுக்குப் பதினொரு பேர் தமிழர், பதினான்கு பேர் முஸ்லிம்கள். இரண்டையும் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3.44 இலட்சம். அந்தக் கணக்கெடுப்பில் நாட்டில் நாலில் ஒருவர் 15 வயதுக்குக் கீழ். அதே விகிதத்தில் எடுத்தால் கண்டி மாவட்டத்தில் மட்டும் 86,000 பிள்ளைகள். 13 இலட்சத்தை 86,000 ஆல் பிரித்தால் பிள்ளைக்கு 15 ரூபா, அதுவும் 13 அத்தியாயத்துக்கும் சேர்த்து. அந்தக் காசுக்குக் கண்டிக் கடைத்தெருவில் ஓர் உளுந்து வடை வாங்க முடியாது. நுவரெலியா, பதுளை, வடக்கு, கிழக்கு, கொழும்பு எல்லாம் சேர்ந்தால் பிள்ளைக்கு ஒரு சில ரூபாவாகிவிடும்.

அசைபடம் நாமே எடுப்பதும் நடக்கிறது. கமிலஸ் பெரேராவின் சித்திரக்கதைப் பாத்திரமான 'கஜமன்' 2023இல் முழுநீள முப்பரிமாணப் படமாகத் திரைக்கு வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஓவியச் செலவு கோடிக்கணக்கில் ஏறும் துறையில் சிறிய மொழிச் சமூகத்துக்கு எட்டுகிற முதல் படி குரல்தான். அந்தப் படியில் கால் வைக்காமல் மாடிக்கு ஏணி தேடுகிறோம்.

நேத்ரா, வசந்தம், சக்தி என்று தமிழ் அலைவரிசைகள் இருக்கின்றன. இலங்கை வானொலியின் பிராந்திய நிலையம் கண்டியிலேயே இருக்கிறது, பேராதனை வளாகத்தில் தமிழ் நாடகம் போடும் மாணவர்கள் இருக்கிறார்கள். பொறுப்பில் உள்ளவர்களிடம் கேட்பது சிறிய விடயம்: டிசம்பர் விடுமுறைக்கு ஒரு பழைய தொடரின் உரிமையை வாங்குங்கள், மலையகப் பேச்சும் சேரும்படி எழுதவையுங்கள், காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் குரல் கொடுத்தவர்கள் எல்லாருடைய பெயரையும், வாசிக்கக்கூடிய வேகத்தில், தவறாமல் போடுங்கள்.