முட்டி மாற்றிய இரவு: எந்த மரப்பு மருந்து நல்லது?

தேனி மாவட்டத்தில் கெங்குவார்பட்டிப் பக்கம் வயலிலும் தோப்பிலும் குந்தி உழைத்தவர்களுக்கு அறுபதைத் தாண்டினால் முட்டித் தேய்மானம் சகஜம். முட்டி மாற்று ஆபரேஷனுக்குக் க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். 2017இல் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்ததில் செலவு பற்றிய பயம் கொஞ்சம் தணிந்தது. வலி பற்றிய பயம் அப்படியே இருக்கிறது.

முதுகு ஊசி தெளிந்த பிறகு

ஆபரேஷனுக்காக முதுகில் போடும் பூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். கால் உணர்வு திரும்பும்போதே வலியும் வந்துவிடும். அந்த வலியை அடக்காவிட்டால் மறுநாள் முட்டியை மடக்க முடியாது. மடக்காத முட்டி இறுகிப்போகும். அதனால் தையல் போடுமுன் மூட்டைச் சுற்றியே மரப்பு மருந்தைச் செலுத்துகிறார்கள். சிட்னி மருத்துவர்கள் கெர், கோஹன் இருவரும் ரோபிவகெய்ன் என்ற மரப்பு மருந்துடன் வேறு மருந்துகளைக் கலந்து செய்த இந்த முறையை 2008இல் வெளியிட்டார்கள்.

மருந்துக்கு மருந்து

பல் பிடுங்கும்போது போடும் லிக்னோகெய்ன் சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரமே தெளியும். முட்டிக்கு அது போதாது. பூபிவகெய்ன் நெடுநேரம் நிற்கும், விலையும் குறைவு. ஆனால் அளவு மீறினாலோ ரத்தக் குழாய்க்குள் போய்விட்டாலோ இதயத்தைத் தாக்கும். எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது பொதுவான வரம்பு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 100 மில்லிகிராம், அதாவது 0.25 சதவீதக் கரைசலில் 40 மில்லி. ரோபிவகெய்னுக்கு வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம். இதயத்துக்கு ஆபத்து சற்றுக் குறைவு. வலி குறைப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கொழுப்பு உறையில் அடைத்த விலை உயர்ந்த பூபிவகெய்னும் உண்டு. பிரிட்டனில் 533 பேரிடம் அதைச் சாதாரண பூபிவகெய்னுடன் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். சாதாரண மருந்தை மட்டும் போட்டுக்கொண்டவர்களைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது. இதற்காக யாரும் நகையை அடகு வைக்க வேண்டாம்.

எந்த இடத்தில் ஊசி

என்னைக் கேட்டால், மருந்தின் பெயரைவிட இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கவட்டையில் தொடை நரம்பை மரக்கச் செய்தால் வலி அடங்கும்; தொடைத் தசையும் சேர்ந்து தளரும். இரவில் கழிப்பறைக்கு எழுந்தால் கால் மடங்கி விழ நேரிடும். நடுத்தொடையில் ஸ்கேன் பார்த்துப் போடும் ஊசியில் தசைபலம் பெரும்பாலும் தப்பிக்கிறது. ஆனால் முட்டியின் பின்பக்க வலிக்கு அது போதாது. மூட்டைச் சுற்றிப் போடும் ஊசியும் தேவைப்படும்.

வாய்விட்டுச் சொல்லுங்கள்

இதய நோய், கல்லீரல் நோய், வலிப்பு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, முன்பு மரப்பு ஊசியில் வந்த ஒவ்வாமை எல்லாவற்றையும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டபின் உதடு மதமதத்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ, வாயில் உலோகச் சுவை தட்டினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

"வலி எப்படி இருக்கு அப்பத்தா?" என்று நர்ஸ் கேட்டால், "பரவால்லத்தா, தாங்கிக்கிறேன்" என்று பல்லைக் கடிப்பவர்கள் நம் ஊரில் அதிகம். மரப்பு முழுவதும் தெளியுமுன்பே, டாக்டர் எழுதிய வலி மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் முன்கூட்டியே சொன்னால் அதற்கேற்ற மாத்திரையாகத் தருவார்கள்.