தேடல் மீட்பு ஒத்திகை

தேடல் மீட்பு ஒத்திகை என்பது பேரிடர் ஒன்று நிகழ்ந்ததாகக் கொண்டு மீட்புக் குழுக்களைச் செயற்பட வைத்து, அவற்றின் கூட்டுச் செயற்பாட்டை அளவிடும் பயிற்சி ஆகும். தனியாள் திறனைவிட, ஒரு குழுவிடமிருந்து மற்றொன்றுக்குத் தகவல் சென்றடையும் முறையே இதில் முதன்மையாக ஆராயப்படுகிறது.

பின்னணி

2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமாத்திரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழிப்பேரலை தமிழகத்தின் வட கடலோரத்தை அடைய ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் ஆனது. எனினும் மாமல்லபுரம், கல்பாக்கம் பகுதி மக்களுக்கு முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதிகள் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்று நிலையத்தில் கடல்நீர் புகுந்ததால், இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது; அருகிலிருந்த குடியிருப்பில் உயிரிழப்புகள் நேர்ந்தன.

2007இல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2009 முதல் இந்தியப் பெருங்கடல் நாடுகள் 'ஐஓவேவ்' என்னும் கூட்டு ஒத்திகையை நடத்துகின்றன. இந்தியக் கடலோரக் காவல்படையின் 'சாரெக்ஸ்' கடல்சார் தேடல் மீட்பு ஒத்திகை 2022 ஆகஸ்டில் சென்னையில் நடைபெற்றது.

வடிவமைப்பு

குழுப்பணியை ஆராயும் ஒத்திகையில் தகவல்கள் வேண்டுமென்றே பிரித்து வைக்கப்படும். எடுத்துக்காட்டாக, மாமல்லபுரம் கடலில் படகுகள் காணாமற்போனதாகக் கொள்ளலாம். எத்தனை படகுகள் கடலுக்குச் சென்றன என்பது மீனவர்களுக்கும், நீரோட்டம் அவற்றை எத்திசையில் இழுக்கும் என்பது கடலோரக் காவல்படைக்கும், தங்குமிடங்களின் நிலை மாவட்ட நிர்வாகத்துக்கும் மட்டுமே தெரிந்திருக்கும். மூன்றும் ஒன்று சேர்ந்தாலன்றி மீட்புப் பணி நிறைவுறாது.

கிழக்குக் கடற்கரைச் சாலை அடைபடுதல், கம்பியில்லாத் தொடர்பு அறுபடுதல் போன்ற எதிர்பாராத இடையூறுகள் நடுவே புகுத்தப்படும். பார்வையாளர்கள் உதவி செய்யாமல், ஒவ்வொரு செய்தியும் கிடைத்த நேரம், கடத்தப்பட்ட நேரம், பெற்றவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்தாரா என்பவற்றைக் குறித்துக்கொள்வர். பொதுமக்களிடம் பீதி ஏற்படாதிருக்க ஒவ்வொரு செய்தியும் 'ஒத்திகை' என்னும் சொல்லுடன் தொடங்கும்.

கணினியிலும் இத்தகைய ஆய்வுகள் நடைபெறுகின்றன. 1995 கோபே நிலநடுக்கத்தின் படிப்பினையால் உருவான 'ரோபோகப் மீட்பு'ப் போட்டியில் தீயணைப்பு, மருத்துவ, காவல் குழுக்களாக மென்பொருள்கள் இணைந்து செயற்படுகின்றன.

மதிப்பீடும் வரம்புகளும்

ஒத்திகை முடிந்ததும் நடைபெறும் கலந்தாய்வில், தவறியவர் யார் என்பதைவிடத் தகவல் எங்கே தேங்கியது என்பதே ஆராயப்படும். முன்னரே நாள் குறித்து நடத்தப்படும் ஒத்திகைகளில் அனைவரும் ஆயத்தமாக இருப்பதால், தாமதம் உண்மை நிலையைவிடக் குறைவாகத் தோன்றக்கூடும். ஆகவே சில பகுதிகள் முன்னறிவிப்பின்றி நடத்தப்படுவதுண்டு.