காதல் மன்னனின் ரகசியம்

வாள் சுழற்றி வில்லனை வீழ்த்த எம்.ஜி.ஆர். இருந்தார். இடி முழக்கமாக வசனம் பேசிக் கண்ணீரை வரவழைக்க சிவாஜி கணேசன் இருந்தார். இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவே, மடிப்புக் கலையாத சட்டையும் இலேசான புன்னகையுமாக ஒருவர் நுழைந்து, 'காதல் மன்னன்' என்று பட்டமும் வாங்கிவிட்டாரே, அது எப்படி?

ஜெமினி கணேசனைத்தான் சொல்கிறேன். புதுக்கோட்டையில் பிறந்தவர், ரசாயனம் படித்தவர். ஜெமினி ஸ்டூடியோவில் உத்தியோகம் பார்க்க வந்து, அந்த ஸ்டூடியோவின் பெயரையே தம் பெயரோடு ஒட்டிக்கொண்டார். வஞ்சிக்கோட்டை வாலிபனில் (1958) அவரும் கத்தி பிடித்தார். ஆனால் அந்தப் படம் என்றதும் நமக்கு நினைவு வருவது என்ன? பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனம்தானே!

அவருடைய பலம் வேறு இடத்தில் இருந்தது. மிஸ்ஸியம்மாவை (1955) எடுத்துக்கொள்ளுங்கள். வேலையில்லாத இரண்டு பட்டதாரிகள், ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லி ஒரே வீட்டில் குடியேறுகிறார்கள். மேரியாக வரும் சாவித்திரிக்கு மூக்குநுனியில் கோபம். ஜெமினியோ எதிர்த்துக் கூச்சல் போடுவதில்லை. அவளை அடக்கிக் காட்டுகிறேன் என்று மீசை முறுக்குவதுமில்லை. நிலவைப் பஞ்சாயத்துக்கு அழைத்து ஒருவரைப் பற்றி ஒருவர் முறையிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பாட்டில் ஏ.எம். ராஜாவின் குரல் ஜெமினியின் முகத்தோடு எப்படி இழைந்துவிடுகிறது, பாருங்கள்! இரவல் குரல் என்று சத்தியம் செய்தாலும் மனம் நம்பாது.

அடுத்து கல்யாண பரிசு (1959). ஸ்ரீதர் முதன் முதலாக டைரக்ட் செய்த படம். கல்லூரி மாணவன் பாஸ்கர், கீதாவிடம் ஒரு காதல் கடிதம் கொடுக்கிறான். அவள் புகார் செய்துவிடுகிறாள். அவனுடைய படிப்பே போகிறது. பிற்காலத்துக் கதாநாயகர்களில் எத்தனை பேர் இந்த இடத்தில் பழி வாங்கப் புறப்பட்டார்கள்! "அவள் சம்மதிக்கும்வரை விடேன்" என்று தெருத்தெருவாகத் துரத்தினவர்கள் எத்தனை பேர்! பாஸ்கர் அப்படிச் செய்யவில்லை. அவளே வருந்தும்போது மன்னிக்கிறான். அதன் பிறகுதான் காதல் மலர்கிறது. பெண்ணின் 'மாட்டேன்' என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்த கதாநாயகன்! இதைக் கண்டுதான் இன்றைய இளம் பெண்களும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் முன் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட வேண்டியதில்லை. அக்கா வசந்தாவும் பாஸ்கரைத்தான் விரும்புகிறாள் என்று தெரிந்ததும், கீதா தன் காதலைத் தியாகம் செய்து அக்காவை மணக்கும்படி அவனிடம் மன்றாடுகிறாள். அவனும் இணங்கிவிடுகிறான். கல்யாணத்துக்கு முன்பு உண்மையை யாராவது வசந்தாவிடம் சொன்னார்களா? இல்லை. விளைவு, மூன்று பேருடைய வாழ்வும் பாழ். கடைசியில் தாயில்லாக் குழந்தையோடு பாஸ்கர் வந்து சேரும்போது கீதாவுக்கு வேறொருவரோடு கல்யாணம் முடிந்துவிட்டது. குழந்தையைத்தான் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். தியாகம் என்று அன்று நாம் உருகினோம். "ஒரு வார்த்தை மனம் விட்டுப் பேசியிருக்கக் கூடாதா?" என்று இன்று ஒரு பெண் கேட்டால், அவள் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

களத்தூர் கண்ணம்மாவில் (1960) இன்னும் மோசம்! தகப்பனார் சொன்ன பொய்யை நம்பி, பழகிய பெண்ணைச் சந்தேகித்து ஒதுக்குகிறார் நம் காதல் மன்னன். நல்ல மனசு மட்டும் போதாது, கொஞ்சம் முதுகெலும்பும் வேண்டும் என்று சாவித்திரியின் கண்ணீர் சொல்லாமல் சொல்லுகிறது.

ஆனாலும் அவரை வெறுக்க முடிவதில்லை. தவறு செய்தால் தலை குனிகிறார். அழுகை வந்தால் மறைப்பதில்லை. கதாநாயகி பேசும்போது குறுக்கே விழாமல் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். குடும்பத்தில் பெண்கள் எதிர்பார்ப்பது இந்தக் கடைசிக் குணத்தைத்தானே! பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்கிற ஆண்பிள்ளை திரையிலாவது கிடைத்தாரே என்ற திருப்திதான் அவருக்குக் கிடைத்த கிரீடம்.

1971-ல் பத்மஸ்ரீ பெற்ற ஜெமினி, 2005-ல் மறைந்தார். படங்கள் இருக்கின்றன. ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸியம்மாவைப் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் வீட்டு எஜமானரையும் உட்கார வைத்துக்கொள்வது உத்தமம்!