தொலைவிலிருந்தும் துணை நிற்கலாம்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளத்தில் பெருமழை பெய்தது. பம்பை, பெரியாறு, சாலக்குடி ஆகிய ஆறுகள் கரை கடந்தன. செங்கன்னூர், ஆரன்முளை, ஆலுவா முதலிய ஊர்களில் பல வீடுகள் நீரில் மூழ்கின. அந்த ஆண்டின் பெருவெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பத்தனம்திட்டை, செங்கன்னூர்ப் பகுதிகளில் பல வீடுகளில் முதியோர் மட்டுமே வசித்து வந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பிற அயல்நாடுகளிலும் பணிபுரிந்தனர். மின்சாரம் நின்றதும் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெற்றோர் மாடிக்கு ஏறிவிட்டார்களா, குடிநீரும் மருந்தும் கையில் உள்ளனவா என்பதை அறிய வழியின்றிப் பிள்ளைகள் தவித்தனர்.

செய்தி சென்ற வழி

அந்நாள்களில் திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கமும் தன்னார்வப் பொறியாளர்களும் இணைந்து, 'கேரளா ரெஸ்க்யூ' என்னும் இணையதளத்தை இயக்கினர். சிக்கியவர் மட்டுமன்றி, தொலைவிலிருந்த உறவினரும் அதில் உதவி கோர முடிந்தது. தன்னார்வலர்கள் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சரிபார்த்தனர். பின்னர் மீட்புக் குழுவினருக்குத் தெரிவித்தனர்.

திருவனந்தபுரத்தின் கடற்கரை ஊர்களான விழிஞ்ஞம், பூந்துறை முதலியவற்றிலிருந்து மீனவர்கள் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிச் சென்று பல்லாயிரம் பேரை மீட்டனர். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்புதான், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயலில் அக்கடற்கரை தன் மக்களை இழந்திருந்தது. ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. செய்தி உரிய நேரத்தில் சேராவிடில் நேரும் துயரத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

வெள்ளத்தின்போது பரவிய செய்திகள் எல்லாம் பயன் தரவில்லை. 'ஆற்றங்கரையில் ஒரு வீடு' என்று மட்டும் எழுதினால் படகு எங்கே செல்லும்? நாளும் நேரமும் இல்லாத செய்திகள், மீட்பு முடிந்த பின்னரும் மீண்டும் மீண்டும் பரவின. அவற்றைச் சரிபார்ப்பதிலேயே காலம் வீணாயிற்று.

முன்னரே செய்ய வேண்டியவை

தொலைவில் இருப்பவர், மழைக்காலம் தொடங்கும் முன்பே பின்வருவனவற்றைச் செய்து வைக்கலாம்.

1. அண்டை வீட்டார் இருவரின் தொலைபேசி எண்களைக் குறித்துக்கொள்ளுதல்.
2. வீட்டின் முழு முகவரி, அருகிலுள்ள அடையாளம், கைப்பேசி வரைபடம் காட்டும் இருப்பிடக் குறியெண் ஆகியவற்றை எழுதி வைத்தல்.
3. முதியோர் உண்ணும் மருந்துகளின் பட்டியலைத் தம்மிடமும் ஒரு படி வைத்திருத்தல்.
4. வெள்ளம் வந்தால் எங்குச் செல்வது என்பதைக் குடும்பத்துடன் பேசி முடிவு செய்தல்.

இடர் நேரும்போது

வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கைகளை நிறங்களால் உணர்த்துகிறது. மஞ்சள் நிறம் கவனமாக இருக்கவும், ஆரஞ்சு நிறம் ஆயத்தமாகவும், சிவப்பு நிறம் உடனே செயல்படவும் அறிவுறுத்துகின்றன. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடனேயே பெற்றோரை அழைத்து, கைப்பேசிக்கு மின்னேற்றச் சொல்ல வேண்டும்.

மழை வலுத்த பின் அடிக்கடி அழைப்பது அன்பின் அடையாளமாகத் தோன்றலாம். ஆயினும் அது மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். ஆகவே, பேசுவதற்கெனக் குறித்த நேரத்தை வகுத்துக்கொண்டு, மற்ற வேளைகளில் குறுஞ்செய்தி அனுப்புவதே நலம்.

உதவி கோரும் செய்தியில் எத்தனை பேர், எந்த இடம், என்ன தேவை, எந்த நாள், எந்த நேரம் என்பன தெளிவாக இருக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077 ஆகும். வெளிமாவட்டத்திலிருந்து அழைப்போர் அம்மாவட்டத்தின் எஸ்.டி.டி. குறியீட்டை முன்னால் சேர்த்து அழைத்தல் வேண்டும். உறவினர் மீட்கப்பட்டதும், உதவி கோரிய இடங்களிலெல்லாம் அதனைத் தெரிவிப்பது கடமையாகும். அச்செய்தியால் அடுத்த படகு, இன்னும் காத்திருப்போரிடம் செல்லும்.

சொற்பொருள்
இடர் – துன்பம். ஆயத்தம் – முன்னேற்பாடு. சரக்குந்து – லாரி. மின்கலம் – பேட்டரி

விடையளிக்க
1. 'ஆற்றங்கரையில் ஒரு வீடு' என்னும் செய்தி ஏன் பயன் தராது?
2. தொலைவிலுள்ள உம் தாத்தா, பாட்டிக்காக நீவிர் செய்யக்கூடிய முன்னேற்பாடுகளை ஐந்து தொடர்களில் எழுதுக.