ரத்தம் உறையாத வியாதியும் மரபணு சிகிச்சையும்

ஹீமோபீலியா என்னும் பிறவி வியாதியால் கடுமையாகப் பீடிக்கப்பட்ட ஐந்து பேருக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மரபணு சிகிச்சை செய்யப்பட்டது. சிகிச்சைக்குப் பின் அவர்களைக் கவனித்து வந்த காலத்தை ஒன்றாகக் கூட்டினால் 81 மாதம் ஆகிறது. அந்த 81 மாதத்தில் ஐவரில் எவருக்குமே ரத்தக்கசிவு கண்டதாகக் கணக்கில்லை. டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவாவும் அவருடைய சகாக்களும் எழுதிய இந்த விவரத்தை, வைத்திய உலகம் பெரிதும் மதிக்கும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை 2024 டிசம்பரில் வெளியிட்டது. ஒரு கிரிக்கெட் பந்தயத்தின் முடிவுக்கு நம்மவர்கள் காட்டும் சிரத்தையில் நூறில் ஒரு பங்கைக்கூட இச்செய்தி பெற்றதாகத் தெரியவில்லை. அது போகட்டும். இதைக் குறித்துப் பெருமைப்படுவதற்கு முன்னால் இதைப் புரிந்துகொள்வது அவசியம் என்பதே நம் அபிப்பிராயம்.

காயம் பட்டால் ரத்தம் சிறிது நேரத்தில் தானே உறைந்து நின்றுவிடுகிறதல்லவா? அந்தக் காரியத்துக்கு உடலில் பல பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யவேண்டும். அவற்றில் எட்டாவது காரணி என்று பெயரிடப்பட்ட ஒன்று இல்லாமலோ மிகக் குறைந்தோ பிறக்கிறவர்களுக்கு வருவதுதான் ‘ஏ’ வகை ஹீமோபீலியா. வெளிக் காயத்தைவிட உள் கசிவே இதில் கொடியது. முழங்காலிலும் முழங்கையிலும் அடிக்கடி ரத்தம் கசிந்து மூட்டுகள் சிதைகின்றன. இருபது வயதுப் பிள்ளை கிழவனைப்போல் நடக்கிறான். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. விக்டோரியா மகாராணியின் சந்ததியிலும் ரத்தம் உறையாத வியாதி இருந்தது. அது ‘பி’ வகையைச் சேர்ந்தது. ஐரோப்பிய அரண்மனைகள் பலவற்றுக்கு அவள் வம்சம் பெண்ணோடு சீதனமாக இதையும் அனுப்பிவைத்தது.

இந்தக் காரணியை உண்டாக்கும் மரபணு, ‘எக்ஸ்’ என்ற குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அது ஒன்றே; பெண்ணுக்கு இரண்டு. ஆகவே பெண்கள் பெரும்பாலும் வியாதியைச் சுமப்பவர்களாக மட்டும் இருக்க, பிள்ளைகள் வியாதியை அனுபவிக்கிறார்கள். “அவள் வீட்டு வியாதி” என்று மருமகளைத் தூற்றுவதற்கு இதைவிட வசதியான சாக்கு வேறு வேண்டாம். முன்பு குடும்பத்தில் எவருக்குமே இல்லாமல் மரபணு புதிதாகப் பழுதடைந்தும் இவ்வியாதி தோன்றுவதுண்டு என்ற உண்மை மாமியார்களின் காதுக்கு எட்டுவதில்லை.

நம் ஜில்லாக்களில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. அக்காள் மகளை மணக்கும் வழக்கம் இங்கே இன்னும் அடியோடு மறையவில்லை. வியாதியுள்ள தாய்மாமன், அதே வியாதியைச் சுமக்கும் அக்காள் மகளை மணந்தால், அவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைக்கும் வியாதி வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பிருக்கிறது. ஆண்களின் வியாதி என்று புத்தகங்கள் கூறுவதை நம் உறவுமுறை மாற்றிவிடக்கூடும். கல்யாணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் இது தெரிந்துபோகும். மரபணு சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்தப் பரிசோதனைக்கு ஆவது தூசு.

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலத்துக்குப் பாதை பிரியுமிடத்தில் இருக்கிறது கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகனைத் தரிசிக்கப் போகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும் ஊர் என்றே வெளியூரார் இதை அறிவர். சுற்றுப்புறமெங்கும் விவசாயக் கூலிகள். ‘ஏ’ வகை ஹீமோபீலியா ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. இன்றைய விழுப்புரம் ஜில்லாவின் ஜனத்தொகை 2011 கணக்கின்படி சுமார் 20 லக்ஷம். அதில் பாதி ஆண்கள். வகுத்துப் பார்த்தால் ஜில்லாவில் இருநூறு பேர் இருக்கவேண்டும். தேசம் முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டால் ஒரு லக்ஷத்துக்கு மேல் வருகிறது. இவர்களில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இடம் பெற்றவர்கள் ஒரு சிறு பங்கினரே. மற்றவர்கள் ‘மூட்டு வீக்கம்’ என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடக்கிறார்கள்; அல்லது குழந்தைப் பருவத்திலேயே காரணம் தெரியாமல் மாண்டுபோகிறார்கள்.

தெரிந்தவர்களுக்கு என்ன செய்கிறார்கள்? எட்டாவது காரணியை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இது இலவசமாகக் கிடைக்கிறது. இதை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஏற்றிய காரணியில் பாதி சுமார் 12 மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடுகிறது. கசிவு வராமலே தடுக்கவேண்டுமானால் வாரத்துக்கு இரண்டு மூன்று ஊசி வேண்டும், ஆயுள் முழுவதும். கூட்டேரிப்பட்டிலிருந்து முண்டியம்பாக்கம் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அதே நெடுஞ்சாலையில் போய்விடலாம். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் ஒவ்வொரு நாளும் தகப்பனுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். இலவசம் என்ற சொல்லுக்குள் அடங்காத செலவு இது.

வேலூரில் செய்தது வேறு வழி. நோயாளியின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். பழுதில்லாத மரபணுவை ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி அவ்வணுக்களுக்குள் செலுத்துகிறார்கள். தன் சொந்த விஷத்தைப் பறிகொடுத்து, சுமை தூக்குவதற்கு மட்டும் விடப்பட்ட வைரஸ் அது. பிறகு நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலுள்ள பழைய அணுக்களைக் கடுமையான மருந்துகளால் அழித்து இடம் ஒழித்து, திருத்திய அணுக்களைத் திரும்ப ஏற்றுகிறார்கள். அவை மஜ்ஜையில் குடியேறிப் பெருகி, காரணியைத் தாமே உற்பத்தி செய்கின்றன. ஐவரில் இருவருக்குக் காரணியின் அளவு, சாதாரண மனிதனுக்கு இருப்பதில் நூற்றுக்கு ஒற்றை இலக்கத்தில் நின்றது. வைரஸ் அணுவுக்குள் நன்கு நுழைய உதவும் ஒரு பொருளைச் சேர்த்துச் செய்த மற்ற மூவருக்கு அது ஏறத்தாழ இருபது முதல் நாற்பது வரை உயர்ந்தது.

மேல்நாட்டில் 2022-லும் 2023-லும் அனுமதி பெற்ற மருந்து இவ்வாறு செய்வதில்லை. அது வேறு ஒரு வைரஸை நேரே உடலில் செலுத்தி ஈரலைக் காரணி உண்டாக்கச் செய்கிறது. அந்த வைரஸை முன்பே ஒரு தடவை சந்தித்து, அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டவர்களுக்கு அம்மருந்து உதவாது. வருஷங்கள் செல்லச் செல்லக் காரணியின் அளவு குறைந்து வருவதும் கண்டிருக்கிறது. வேலூர் வழி இவ்விரண்டு தொல்லைகளையும் தவிர்க்க முயல்கிறது. எனினும் இதை முழுச் சுதேசிச் சரக்கு என்று தம்பட்டம் அடிப்பது தவறு. மரபணுவைச் சுமக்கும் வைரஸை வடிவமைத்ததில் அமெரிக்காவின் எமரி சர்வகலாசாலை விஞ்ஞானிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் சர்க்காரின் உயிரித்தொழில்நுட்பத் துறை பணம் கொடுத்தது. நம் டாக்டர்கள் நம் நோயாளிகளுக்குச் செய்து காட்டினார்கள். பெருமைப்பட இதுவே போதும்.

இனி அபாயத்தைப் பார்ப்போம். 1999 செப்டம்பரில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் ஜெஸ்ஸி கெல்ஸிங்கர் என்ற பதினெட்டு வயது இளைஞன் மரபணு சிகிச்சைச் சோதனையில் இறந்தான். உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் சமாளித்துக்கொண்டிருந்த வியாதி அவனுடையது. பிற்காலக் குழந்தைகளுக்கு உபகாரமாகட்டும் என்று தானே முன்வந்தவன் அவன். பாரிஸில் நோயெதிர்ப்புச் சக்தியின்றிப் பிறந்த குழந்தைகளை மரபணு சிகிச்சை காப்பாற்றியது. ஆனால் அவர்களில் சிலருக்கு, செலுத்திய மரபணு வேண்டாத இடத்தில் போய் ஒட்டிக்கொண்டதால் ரத்தப் புற்றுநோய் கண்டது. இவையெல்லாம் பழங்கதை, இப்போது கையாளும் வைரஸ் வேறு என்று சொல்லலாம். ஆனால் வேலூரில் கையாண்ட வைரஸின் இனத்தையே கொண்டு மூளையைத் தாக்கும் ஒரு வியாதிக்குச் செய்த சிகிச்சையில், 67 பிள்ளைகளில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வகைகள் தோன்றியதாக 2024-ல் அதே ‘நியூ இங்கிலாந்து ஜர்னல்’ தெரிவித்தது. மரபணுவை முடுக்கிவிடும் விசை அதில் வேறு, வேலூரில் வேறு என்பது உண்மை. ஆனாலும் ஐந்து பேரைச் சராசரி பதினாறு மாதம் கவனித்ததைக் கொண்டு இந்த விஷயத்தில் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

மஜ்ஜையை அழிக்கும் மருந்துகளுக்கும் தனியே ஒரு விலை இருக்கிறது. தொற்று நோய் ஏற்படலாம். பிள்ளைப்பேறு இல்லாமலும் போகலாம். மணமாகாத இளைஞனிடம் இதை யார், எந்தப் பாஷையில், எவ்வளவு நேரம் செலவிட்டுச் சொல்லுகிறார்கள் என்பதே நம் கேள்வி. கத்தரித்துச் செய்யும் சிகிச்சை ஏதுமின்றி, தோலுக்கடியில் வாரம் ஒன்றோ மாதம் ஒன்றோ போட்டுக்கொண்டு கசிவைத் தடுக்கக்கூடிய எமிசிஸுமாப் என்ற ஊசி மருந்து 2017 முதல் உலகில் இருக்கிறது. மாற்று மருந்து இருக்கும்போது ஒருவன் தன் மஜ்ஜையைப் பணயம் வைக்கலாமா? பணக்காரனுக்கு அந்த மாற்று இருக்கிறது; ஏழைக்கு அதன் விலையே தடை. அப்படியானால் ஏழையின் ‘சம்மதம்’ எவ்வளவு தூரம் சுயேச்சையானது? இந்தக் கேள்வியை விஞ்ஞானத்துக்கு விரோதமானவர்கள் கேட்கும் கேள்வியென்று தள்ளிவிடலாகாது.

நம் தேசத்தில் சம்மதம் என்பது எப்படி வாங்கப்பட்டது என்பதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 2009-ல் ஆந்திராவின் கம்மம் ஜில்லாவில் ஆதிவாசிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி சோதனையாகப் போடப்பட்டது. பெற்றோருக்குப் பதில் ஹாஸ்டல் வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010-ல் அந்தச் சோதனையைச் சர்க்கார் நிறுத்தவேண்டி வந்தது. பார்லிமெண்டுக் கமிட்டி 2013-ல் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான். ஆயினும் கையெழுத்து வாங்கிய முறை அந்த நல்ல மருந்தின் பெயரையே கெடுத்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் 2019-ல் மரபணு சிகிச்சைக்கென்றே வழிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. பிறக்கப்போகும் சந்ததியின் மரபணுவில் கைவைப்பதை அது அனுமதிக்கவில்லை. 2018-ல் சீன விஞ்ஞானி ஹே ஜியாங்குய், கருவிலேயே மரபணுவை வெட்டி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்து, மறு வருஷம் சிறைத் தண்டனை பெற்ற கதையை அறிந்தவர்களுக்கு இந்தத் தடையின் நியாயம் விளங்கும். நோயாளி தன் உடம்புக்குச் சம்மதிக்கலாம். தன் பேரனுக்காகச் சம்மதிக்க அவனுக்கு அதிகாரம் கிடையாது.

பண விஷயத்துக்கு வருவோம். மேலே குறிப்பிட்ட மேல்நாட்டு ஹீமோபீலியா மருந்துக்கு அமெரிக்காவில் வைத்த விலை 29 லக்ஷம் டாலர். நம் நாணயத்தில் இருபது கோடிக்கு மேல். தசைகள் வலுவிழக்கும் வியாதிக்கான மரபணு மருந்து சுமார் 16 கோடி ரூபாய். 2021-ல் தமிழ்நாட்டிலேயே ஒரு குழந்தைக்காக ஊரார் காசு சேர்த்தார்கள், மத்திய சர்க்கார் இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. அந்தக் குழந்தைக்குக் கிடைத்தது நல்லதே. ஆனால் படம் எடுத்துப் போடத் தெரியாத வீட்டுக் குழந்தைக்கு யார் சேர்ப்பது? அபூர்வ வியாதிகளுக்கென்று 2021-ல் சர்க்கார் வகுத்த கொள்கையின் கீழ் உச்ச உதவி 50 லக்ஷம் ரூபாய். பதினாறு கோடிக்கும் ஐம்பது லக்ஷத்துக்கும் நடுவேயுள்ள பள்ளத்தைத் தர்மத்தால் தூர்க்க முடியாது.

விலையைக் குறைத்துச் செய்யமுடியும் என்பதற்கு அத்தாட்சி உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற ரத்தப் புற்றுநோய் அணு சிகிச்சை, மேல்நாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. அதுவும் பல லக்ஷங்கள்தான். கூட்டேரிப்பட்டுக் கூலிக்காரன் ஆயுளில் பார்த்திராத தொகை. ஆகவே பொதுப் பணத்தில் வளர்ந்த வேலூர் முறையை நாளைக்கு எந்தக் கம்பெனி உற்பத்தி செய்ய முன்வந்தாலும், இன்ன விலைக்கு மேல் விற்கலாகாது என்ற நிபந்தனையை உரிமம் வழங்கும் அன்றே எழுதி வாங்கவேண்டும். பிறகு கெஞ்சுவதில் பயனில்லை. நம் சட்டசபை அங்கத்தினர்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் இதைக் கேள்வி நேரத்தில் எழுப்புவார்களானால் நன்று.

இன்னொன்று. இவ்வகைச் சிகிச்சை பெற்றவரைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து பரிசோதித்து வரவேண்டும் என்பது உலக வழக்கம். புற்றுநோய் ஒளிந்திருந்தால் வெளிப்பட அவ்வளவு காலம் ஆகலாம். வேலூரிலேயே குடியிருப்பவனுக்கு இது எளிது. விழுப்புரம் ஜில்லாக்காரன் வருஷந்தோறும் வேலூருக்குப் போய்வர வழிச் செலவும், அன்றைய கூலியும் யார் கொடுப்பது? முண்டியம்பாக்கத்தில் ரத்தத்தை எடுத்து வேலூருக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்தால் ஒருவேளை போதும். ஜில்லாவின் இருநூறு பேரில் எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள், அவர்களின் அக்காள் தங்கைகளில் எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்திருக்கிறது என்ற பட்டியலை அந்த ஆஸ்பத்திரி இந்த வருஷமே தயாரிக்கத் தொடங்கலாம். அதற்கு மரபணு விஞ்ஞானி வேண்டியதில்லை, ஒரு குமாஸ்தாவும் ஒரு நர்ஸும் போதும்.